திசை சொல்லும் சொற்கள்



சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன் மதுரையிலிருந்து எங்கள் செய்யூருக்கு வந்திருந்தான். மதுரையில் ஒரு கல்லூரியில் முதலாண்டு முடித்தவன். கடல் பார்க்க வேண்டும் என்றான். பரமன்கேணிக்குப் போகும் பேருந்து எங்கே நிற்கும் என்று கடைத்தெருவில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை அவனே சென்று கேட்டான்.

"கிழக்காலே போ கண்ணு, புளியமரத்துக்கு அந்தாண்டே நிக்கும்" என்றார் அவர்.

"அங்கிட்டா பாட்டி?" என்று கையை நீட்டினான் பிள்ளை.

"கிட்டுவா? அது யாரு கண்ணு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அருகில் நின்ற நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பையனின் முகம் சிவந்து போயிற்று.

பேருந்தில் வெகுநேரம் அவன் பேசவில்லை. பின்னர் தானாகவே சொன்னான்: "மாமா, எங்கள் விடுதியில் இந்தப் பக்கத்து மாணவன் ஒருவன் இருக்கிறான். வந்த முதல் வாரத்தில் 'அந்தாண்டை' என்று ஒரு சொல் சொன்னான். அன்று முதல் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. இப்போது அவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. நானும் அவனை அப்படித்தான் அழைத்தேன்."

சிறிது பொறுத்து மற்றொன்றும் கேட்டான். அவன் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் 'டுவார்ட்' என்று எழுதிய இடத்திலெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, இறுதியில் ஓர் 'எஸ்' சேர்த்து, 'டுவார்ட்ஸ்' என்று திருத்தித் தந்திருந்தார்களாம். அவன் படித்த அமெரிக்க நூலிலோ பக்கத்துக்குப் பக்கம் 'டுவார்ட்' என்றே இருக்கிறதாம். "எது சரி, மாமா? எது பிழை?"

கேள்விகள் இரண்டு; ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரே பொருளைச் சொல்லும் இரு வடிவங்களில் ஒன்று நம்மூரில் வழங்குகிறது, மற்றொன்று அடுத்த ஊரில் வழங்குகிறது. அப்போது அடுத்த ஊரான் சொல்வது பிழையாகுமா? இதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில் ஆங்கிலத்தைப் பார்ப்போம். 'நோக்கி' என்னும் பொருள்படும் இச்சொல்லைப் பிரிட்டானியர் பெரும்பாலும் 'டுவார்ட்ஸ்' என்பர். அமெரிக்கர் பெரும்பாலும் 'டுவார்ட்' என்பர். பொருளில் அணுவளவும் வேறுபாடு இல்லை. இறுதியில் நிற்கும் அந்த 'எஸ்' எங்கிருந்து வந்தது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் அது ஒரு வேற்றுமை உருபு. நம் ஆறாம் வேற்றுமையைப் போல உடைமைப் பொருளில் வருவது. அதனைச் சேர்த்துச் சொற்களை வினையடைகளாக்குவது அக்காலத்து வழக்கம். 'எப்போதும்' என்று பொருள்படும் 'ஆல்வேஸ்' என்பதன் ஈற்றொலியும், 'ஒருமுறை' என்று பொருள்படும் 'ஒன்ஸ்' என்பதன் ஈற்றொலியும் அவ்வழி வந்தவையே. பழைய ஆங்கிலத்திலேயே உருபு ஏற்ற வடிவமும் ஏலாத வடிவமும் அக்கம் பக்கமாக வாழ்ந்திருக்கின்றன.

'டுவார்ட்' என்பது அமெரிக்கர் வாலை நறுக்கிச் செய்த புதுச்சொல் என்று எண்ணுவோர் உண்டு. அஃது உண்மையன்று. 1611ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த புகழ்பெற்ற விவிலிய மொழிபெயர்ப்பில் 'டுவார்ட்' என்னும் வடிவமே மிகுதியாகப் பயில்கிறது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று கடல் கடந்த வீட்டில் செல்வாக்குப் பெற்றது. மற்றொன்று பிறந்த வீட்டில் செல்வாக்குப் பெற்றது. 'முன்னோக்கி' என்னும் பொருளுடைய 'ஃபார்வர்ட்', 'ஃபார்வர்ட்ஸ்', 'பின்னர்' என்னும் பொருளுடைய 'ஆஃப்டர்வர்ட்', 'ஆஃப்டர்வர்ட்ஸ்' ஆகியவற்றின் வரலாறும் இத்தகையதே. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இச்சொற்கள் பெயருக்கு அடையாக வரும்போது, எந்த நாட்டிலும் அந்த 'எஸ்' சேர்வதில்லை. 'பின்தங்கிய வட்டாரம்' என்று சொல்ல 'பேக்வர்ட்' என்பதே வேண்டும். 'பேக்வர்ட்ஸ்' என்றால் அங்கே உண்மையாகவே பிழை. வழக்கு வேறுபாடு ஒன்று. இலக்கணப் பிழை வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே கல்வி.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'அந்தப் பக்கம்' என்னும் ஒரு கருத்தைத் தமிழ் பேசும் மக்கள் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சென்னை, செங்கற்பட்டு, ஆர்க்காட்டுப் பகுதிகளில் 'அந்தாண்டை' என்பர். மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் 'அங்கிட்டு'. கொங்கு நாட்டில் 'அக்கட்டாலே'. குமரி மாவட்டத்தில் 'அங்கோட்டு'. மலையாளத்து 'அங்ஙோட்டு' அதன் நெருங்கிய உறவு. கடல் கடந்து யாழ்ப்பாணம் சென்றால் 'அங்காலை'. எங்கள் பக்கத்தில் 'கிழக்காலே', 'மேற்காலே' என்று திசைப் பெயர்களோடு வரும் ஒலியும் யாழ்ப்பாணத்து 'அங்காலை'யின் ஈற்றொலியும் ஒன்றையொன்று ஒத்திருத்தலைக் கேட்பவர் உணரலாம்.

விடுதியில் ஏளனத்துக்கு ஆளான 'அந்தாண்டை' எத்தகைய சொல்? 'அந்த அண்டை' என்பதே அது. அண்டை என்றால் பக்கம். அண்டை வீட்டார் என்கிறோம். நாளேடுகள் 'அண்டை நாடு' என்று அச்சிடுகின்றன. ஏட்டில் அச்சேறிய 'அண்டை' மதிப்புக்கு உரியதாகவும், பூக்காரியின் வாயில் வரும் 'அண்டை' நகைப்புக்கு உரியதாகவும் ஆவது எவ்வாறு? 'என்னாண்டை சொல்' என்னும்போது அச்சொல் 'என்னிடம்' என்று வேற்றுமைப் பொருளையும் தந்து நிற்கிறது. இத்தனை வேலை செய்யும் சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குவோர் அதன் பிறப்பை அறியாதவரே.

ஊர்ப் பெயர்களிலும் இத்தகைய சிறு வேறுபாடு உண்டு. எங்கள் வடபகுதியில் கீழ்ப்பாக்கம், கீழ்விஷாரம், மேல்விஷாரம், மேல்மருவத்தூர், மேல்மலையனூர் என்று 'கீழ்', 'மேல்' என்பனவே முன்னே நிற்கும். தென்பகுதிக்குச் சென்றால் கீழக்கரை, கீழப்பாவூர், மேலப்பாவூர், மேலப்பாளையம் என்று ஓர் அகரம் சேர்ந்து ஒலிக்கும். மதுரையில் கீழமாசி வீதி, மேலமாசி வீதி என்பர். 'டுவார்ட்' என்பதில் ஓர் ஒலி சேர்ந்து 'டுவார்ட்ஸ்' ஆனது போலவே, இங்கும் ஓர் ஒலி சேர்கிறது, பொருள் மாறுவதில்லை. மதுரைக்காரர் மேலமாசி வீதி என்பது பிழையென்று சென்னைக்காரர் சொல்வாரா? சொல்லமாட்டார். ஊர்ப் பெயருக்குக் காட்டும் மரியாதையை ஊரார் பேச்சுக்கும் காட்டினால் என்ன?

கீழ் என்பது ஏன் கிழக்கைக் குறித்தது? மேல் என்பது ஏன் மேற்கைக் குறித்தது? செய்யூரில் ஒரு நாள் மழையில் நின்று பார்த்தால் இது விளங்கும். மேற்கே பெய்த நீர் ஏரிகளில் தங்கி, நிரம்பி வழிந்து, கிழக்கே ஓடுகிறது. உப்பளங்களையும் உப்பங்கழியையும் தாண்டிக் கடலில் கலக்கிறது. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருக்கிறது. ஆகவே தாழ்ந்த பக்கம் கீழ்த்திசை. உயர்ந்த பக்கம் மேல்திசை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு இது பொருந்தும். மேற்கு மலைத் தொடரில் பிறந்த ஆறுகள் கிழக்குக் கடலைத் தேடி வருதல் கண்கூடு.

மலைக்கு அப்பால் உள்ள கேரளத்தில் நிலை தலைகீழ். அங்கே கிழக்கில் மலை, மேற்கில் கடல். ஆயினும் மலையாளத்தில் மலையிருக்கும் திசைக்குக் 'கிழக்கு' என்றே பெயர். உயர்ந்த திசையைத் தாழ்ந்த திசை என்று ஏன் அழைத்தனர்? திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856ஆம் ஆண்டு வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். இச்சொல் மலைக்குக் கிழக்கேயுள்ள நிலத்தில் பிறந்து, மக்களோடு மலை தாண்டிச் சென்றிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மேற்குக்கோ, மலையாளிகள் 'படிஞ்ஞாறு' என்னும் சொல்லையே பெரிதும் வழங்குகின்றனர். படியும் ஞாயிறு, அதாவது சாயும் கதிரவன், என்பது அதன் பொருள். கன்னடத்தாரும் கதிரவனையே நோக்கினர். அவர்களுடைய 'மூடண' எழும் திசை, 'படுவண' விழும் திசை. தமிழர் நிலத்தைப் பார்த்துத் திசைக்குப் பெயரிட்டனர். கன்னடத்தார் வானத்தைப் பார்த்துப் பெயரிட்டனர். வடமொழியாளர் கதிரவனை நோக்கி நின்று, முன்புறத்தைப் 'பூர்வம்' என்றனர். அப்போது வலக்கைப் பக்கம் அமைவது தெற்கு. ஆகவே அதனைத் 'தட்சிணம்' என்றனர்.

உலகெங்கும் இதே கதைதான். எகிப்தின் வரைபடத்தைப் பாருங்கள். மேல் எகிப்து என்பது படத்தின் கீழ்ப்பகுதியில், தெற்கே இருக்கும். கீழ் எகிப்து வடக்கே இருக்கும். நைல் ஆறு தெற்கிலிருந்து வடக்கே பாய்வதே காரணம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலத்தின் கடற்கரைக்கு 'டவுன் ஈஸ்ட்', அதாவது 'கீழே கிழக்கு', என்று பெயர். பாஸ்டன் துறைமுகத்திலிருந்து பாய்க்கப்பல்கள் காற்றின் போக்கிலேயே அங்குச் சென்றன. காற்றோடு செல்வதைக் 'கீழே செல்வது' என்பது மாலுமிகளின் வழக்கு. நமக்குக் கிழக்கு 'கீழ்' ஆனது நீரோட்டத்தால்; அவர்களுக்குக் கிழக்கு 'கீழ்' ஆனது காற்றோட்டத்தால். எந்த மனிதனும் தன் கால் நின்ற இடத்திலிருந்தே திசையைக் கண்டான். அந்த இடத்தின் தடம் அவன் சொல்லில் பதிந்துவிட்டது.

அன்று நாங்கள் பரமன்கேணிக் கரையில் இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. படகுகளின் அருகே நின்றுகொண்டு நான் பிள்ளைக்குக் காற்றின் பெயர்களைச் சொன்னேன். பழந்தமிழில் வடகாற்று வாடை, தென்காற்று தென்றல், மேல்காற்று கோடை, கீழ்காற்று கொண்டல். யாழ்ப்பாணத்திலும் வாடை வாடைதான், கொண்டல் கொண்டல்தான். ஆனால் தென்காற்று அங்கே சோளகம், மேல்காற்று கச்சான். நமக்குக் 'கோடை' இன்று வெயிற்காலத்தின் பெயராய் நின்றுவிட்டது. கச்சான் என்றால் யாழ்ப்பாணத்தில் நிலக்கடலைக்கும் அதுவே பெயர். 'கச்சான் வந்துவிட்டது' என்று அங்கே ஒருவர் சொன்னால், காற்றா கடலையா என்று இடம் நோக்கியே உணரவேண்டும்.

இதுவரை சொன்னவை சிரித்துவிட்டுப் போகக்கூடிய வேறுபாடுகள். சிரித்துவிட்டுப் போகமுடியாத வேறுபாடும் ஒன்று உண்டு. சென்னை, செங்கற்பட்டுக் கரைகளின் மீனவர், கடல் நீரோட்டத்தை 'வெள்ளம்' என்பர். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் வெள்ளம் 'தெண்டி'. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது 'வன்னி'. இக்கரையோரத்தில் ஏறத்தாழப் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை நீரோட்டம் பெரும்பாலும் வடக்கு நோக்கியும், அக்டோபர் முதல் சனவரி வரை தெற்கு நோக்கியும் அமைகிறது. வலை விரிக்கும் இடமும், கரை திரும்பும் வழியும் இதனைப் பொறுத்தவை.

ஆங்கிலத்தில் காற்றுக்கு ஒரு வழக்கு, நீரோட்டத்துக்கு வேறொரு வழக்கு. 'நார்தர்லி' காற்று என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று. 'நார்தர்லி' நீரோட்டம் என்றாலோ வடக்கு நோக்கிச் செல்லும் நீரோட்டம்! ஒரே சொல்; காற்றுக்குப் பிறந்த திசையைச் சொல்கிறது, நீருக்குப் போகும் திசையைச் சொல்கிறது. மீனவர் வாடைக்கும் தென்றலுக்கும் போலவே, தெண்டி என்று கூறும்போது தெற்கை நினைக்கிறார். ஆங்கில நூல் படித்த மாணவர் அதே நீரோட்டத்துக்கு வடக்கைக் கொண்டு பெயரிடுகிறார். இருவரும் பிழை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் வழக்கை மற்றவர் அறியாமல் ஓர் எச்சரிக்கையை மொழிபெயர்த்தால், படகு எதிர்த்திசையில் போகும். ஆகவேதான், கவனமுள்ள ஆங்கில ஆசிரியர்கள் நீரோட்டத்தைக் குறிக்க 'வடக்கு நோக்கிய' என்று ஐயமின்றிப் பொருள்படும் 'நார்த்வர்ட்' என்னும் சொல்லை விரும்புகிறார்கள். தமிழிலோ நமக்கு இடர்ப்பாடே இல்லை. 'வடக்கிலிருந்து' என்றால் நீக்கம். 'வடக்கு நோக்கி' என்றால் போக்கு. ஐயம் எழும் இடத்தில் இரண்டில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

மாணவர்களே, வட்டாரச் சொற்களைப் பற்றி நம் இலக்கணம் என்ன சொல்கிறது? தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வகுத்தார். அவற்றுள் திசைச்சொல் என்பது, செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தார் தத்தம் குறிப்பில் வழங்கும் சொல். ஊருக்கு ஊர் வேறுபடும் சொல்லுக்கு அவர் இழிசொல் என்று பெயர் வைக்கவில்லை. பிழைச்சொல் என்றும் வைக்கவில்லை. அது வந்த திசையைக் கொண்டே பெயர் வைத்துச் செய்யுளில் இடமும் கொடுத்தார்.

அப்பன்னிரு நிலங்களுள் அருவா நாடு என ஒன்றை உரையாசிரியர்கள் குறிக்கின்றனர். தொண்டை மண்டலப் பகுதியை ஒட்டியது அந்நாடு என்பர் அறிஞர். அருவா நாட்டார் சிறுகுளத்தைக் 'கேணி' என்பர் என்று பழைய உரை எடுத்துக்காட்டுத் தருகிறது. நாங்கள் அன்று சென்று இறங்கிய ஊரின் பெயர் பரமன்கேணி! உரைநூலில் கண்ட சொல் இக்கரையோர ஊர்ப்பெயரில் இன்றும் வாழ்கிறது.

இதே செய்யூர் வட்டத்தில், கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்டுக் கிடப்பது இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படையை இயற்றிய புலவரை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்றே நூற்குறிப்புக் கூறும். ஆற்றுப்படை என்பது யாது? பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொருவனுக்கு வழி சொல்வது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று ஊர் ஊராகச் சொல்லி, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்ல வழிகாட்டுகிறது அப்பாட்டு. சேரநாட்டைக் குடபுலம் என்றும், பாண்டிநாட்டைத் தென்புலம் என்றும், சோழநாட்டைக் குணபுலம் என்றும் திசையாலேயே அது சுட்டுகிறது. குடக்கும் குணக்கும் இன்று பேச்சில் இல்லை. மேற்கும் கிழக்கும் அவ்விடத்தைப் பெற்றுவிட்டன. எந்த வடிவமும் நிலையானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? வழி கேட்டு வந்தவனுக்குப் புரியும்படி வழி சொல்வதே இந்நிலத்தின் பழைய அறம். அதனைப் புலவரும் செய்தார். கடைத்தெருவில் அந்த மூதாட்டியும் செய்தார்.

ஆகவே, நீங்கள் செய்ய வேண்டுவன சிலவே. வீட்டிலும் ஊரிலும் உங்கள் வட்டாரச் சொல்லைக் கூசாமல் பேசுங்கள். எல்லாத் திசையினரும் படிக்கும் கட்டுரையில் 'அப்பக்கம்', 'கிழக்கே', 'நோக்கி' என்னும் பொதுச்சொற்களை ஆளுங்கள். உங்கள் சொல் தாழ்ந்தது என்பதனால் அன்று, படிப்பவர் பலர் என்பதனால். ஆங்கிலம் எழுதும்போது 'டுவார்ட்ஸ்' என்றால் கட்டுரை முழுதும் 'டுவார்ட்ஸ்'. 'டுவார்ட்' என்றால் முழுதும் அதுவே. நம் பள்ளிகளில் பிரிட்டானிய வழக்கே பெரிதும் பயிலப்படுவதால், தேர்வுக்கு 'டுவார்ட்ஸ்' எழுதுவது தக்கது. மற்றதை எழுதியவன் பிழை செய்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறர் சொல் புரியவில்லையானால், சிரிக்குமுன் ஒருமுறை கேளுங்கள்.

பொழுது சாய்ந்தபின் நாங்கள் செய்யூர் திரும்பினோம். கடைத்தெருவில் அந்த மூதாட்டி கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை அவரிடம் சென்று, "பாட்டி, அங்கிட்டு என்றால் அந்தாண்டை" என்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "அப்படிச் சொல்லக் கூடாதா கண்ணு? நல்லாத்தானே இருக்கு" என்றார்.

மறுநாள் காலை அவன் தன் விடுதி நண்பனைத் தொலைபேசியில் அழைத்தான். பல மாதங்களுக்குப் பிறகு, அன்றுதான் அவனை அவனுடைய சொந்தப் பெயரால் அழைத்தானாம்.